பனிக்கால ஸ்ரீநகர்: சாப்பாடும் பனி விளையாட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர், ஜனவரியில் காஷ்மீர் போகும் நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் நேராக குல்மார்க் போய்ப் பனியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்ரீநகரில் ஓர் இரவு தூங்குவதோடு சரி. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஸ்ரீநகரின் குளிர்காலம் முதலில் ஒரு சாப்பாட்டுக் காலம். வருடத்தின் மற்ற மாதங்களில் கிடைக்காத உணவுகள் அப்போதுதான் அடுப்பேறும். பனி ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் ஏமாற்றும். இரவெல்லாம் வெந்த கறியான ஹரிஸாவை விற்கும் விடிகாலைக் கடை மட்டும் ஏமாற்றாது. கிளம்புவதற்கு முன் என்னிடம் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு அந்தக் கண்ணோட்டத்தில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

காஷ்மீரிகள் தங்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கி ஜனவரி இறுதிவரை நாற்பது நாள் 'சில்லை கலான்', அதாவது பெருங்குளிர். அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்'. கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா'. பிப்ரவரி முடியும்போது இதுவும் முடிந்துவிடும்.

சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை சிறந்த காலம். பனி விளையாட்டுதான் முக்கியம் என்றால் ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம்வரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஜனவரி கடைசி வாரத்தைத்தான் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் வேண்டாம். குல்மார்க்கில் கூட்டம் நெரியும், அறை வாடகை எகிறும். அப்போது பனி இருந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது.

அந்தக் குளிரை நம்மால் தாங்க முடியுமா?

முடியும். ஆனால் எந்தக் குளிர் என்று புரிந்துகொண்டு போக வேண்டும். ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,585 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. சில்லை கலானில் பகலில் ஐந்தாறு டிகிரி இருக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். 2024 டிசம்பர் 21 அதிகாலை மைனஸ் 8.5 டிகிரி பதிவானது. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதம் அவ்வளவு குளிர்ந்ததில்லை. மேகமில்லாத இரவுகள்தான் அதிகம் உறைய வைக்கும். பனி பொழியும் இரவு, விசித்திரமாக, அவ்வளவு குளிராது.

உடையை அடுக்கடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத ஒரு கோட்டு. கால்தான் முதலில் தோற்கும். ஈரம் புகாத ஷூவும் மாற்றுவதற்கு நாலைந்து ஜோடிக் கம்பளிக் காலுறையும் கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் ஊரிலேயே வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டியதில்லை. ஸ்ரீநகரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் லால் சௌக் பக்கம் சாலையோரமாக நீளும் 'சண்டே மார்க்கெட்'டில் கோட்டு, ஸ்வெட்டர், பூட்ஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். உள்ளூர்க்காரர்களும் அங்கேதான் வாங்குகிறார்கள்.

ஒரு ஃபெரன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். முழங்கால் தாண்டித் தொங்கும் அந்தத் தளர்ந்த கம்பளி அங்கியின் உள்ளே காற்று தங்கி உடம்பைச் சூடாக வைத்திருக்கிறது. படம் எடுக்க வாடகைக்குத் தரும் பளபள உடைகளைச் சொல்லவில்லை. தெருவில் எல்லோரும் போட்டிருக்கும் சாதாரண ஃபெரனைச் சொல்கிறேன்.

எல்லோரும் ஹரிஸா, ஹரிஸா என்கிறார்களே, அது என்ன?

இளஞ்செம்மறிக் கறியும் அரிசியும் இரவு முழுக்க வெந்து, இழை தெரியாமல் ஒன்றாகிவிடும் ஒரு காலை உணவு. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை மட்டும் கிடைக்கும்.

அதன் வேலையைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ருசியே வேறு. கடையின் மேடைக்குள் ஒரு பெரிய மண்பானை கழுத்துவரை புதைந்திருக்கும். அதன் அடியில் விறகு எரியும். முந்தைய நாள் பிற்பகலிலேயே கறியைப் பானையில் போட்டுவிடுவார்கள். சோம்பு, ஏலம், பட்டை, கிராம்பு சேரும். மணிக்கணக்கில் வெந்து எலும்பிலிருந்து கறி தானே கழன்றதும் எலும்பை எடுத்துவிட்டு, குழைந்த அரிசியைச் சேர்த்து, நீண்ட மரத்துடுப்பால் இடிக்கவும் கடையவும் தொடங்குவார்கள். இது இரவெல்லாம் நடக்கும். நடுவில் விட்டுவிட்டால் அடிப்பிடிக்கும், இழை தனியே நிற்கும். விடியும்போது அது பசைபோல இழுபடும் பதத்துக்கு வந்திருக்கும். தட்டில் வைத்து, மேலே புகையப் புகையக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவார்கள். சுர்ரென்று பொரிந்து ஒரு வாசம் எழும். பக்கத்தில் சிறிய சீக் கபாப் ஒன்றோ, வெந்தயக்கீரையில் சமைத்த மேத்தி மாஸ் கொஞ்சமோ வரும். தொட்டுக்கொள்ள, அப்போதுதான் தந்தூரிலிருந்து எடுத்த ரொட்டி.

குளிர் நாட்டில் கொழுப்பும் புரதமும் உடம்புக்கு வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் அங்கே ஹரிஸா அதைத் தாண்டி ஓர் உறவு உணவு. புதிதாகக் கல்யாணமான பெண்ணின் வீட்டார், முதல் குளிர்காலத்தில் சம்பந்தி வீட்டுக்கு ஹரிஸா அனுப்புவார்கள். நம் தலைதீபாவளிச் சீர் மாதிரி அதில் மரியாதையும் கணக்கும் இருக்கிறது. காஷ்மீரை ஆண்ட ஓர் ஆப்கானிய ஆளுநர் இதை அளவில்லாமல் சாப்பிட்டே செத்துப்போனார் என்று ஒரு கதையும் உண்டு. கடைக்காரர்கள் அதைப் பெருமையாகவே சொல்வார்கள்.

எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

பழைய நகரத்தில் ஆலி கதல், ஃபதே கதல், சராஃப் கதல் பகுதிகள்தான் இதற்குப் பேர்போனவை. சூரியன் ஏழரை மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். நீங்கள் அதற்கு முன்பே கடையில் இருக்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பானை காலியாகிவிடும். பனிப் பொழிவன்று இன்னும் சீக்கிரம் தீரும், ஏனென்றால் அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் ஹரிஸா ஆசை வரும்.

எடை போட்டுத்தான் தருவார்கள். ஒருவருக்குக் கால் கிலோ போதும், அதுவே தாராளம். முந்தைய நாள் மாலை உங்கள் டாக்ஸிக்காரரிடம் சொல்லி வையுங்கள். அவருக்கென்று ஒரு கடை இருக்கும், அதைப் பற்றி உறுதியான அபிப்பிராயமும் இருக்கும். அவரையும் உட்காரச் சொல்லிச் சாப்பிடுங்கள். கடைக்குள் அடுப்பை ஒட்டிய இடம் கிடைத்தால் விடாதீர்கள். காலை வேளையில் ஸ்ரீநகரிலேயே கதகதப்பான இடம் அதுதான்.

ஓட்டலிலும் ஹரிஸா கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கும். கடைக்குப் போக முடியாதவர்களுக்கு அது சரி, மற்றவர்கள் பானையிடம் போங்கள்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. காஷ்மீரிகளின் தினசரிச் சாப்பாடு சோறுதான், ரொட்டி இல்லை. நம் ஆட்கள் அங்கே போய் சப்பாத்தி தேடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சுடுசோறும் ஹாக்கும் கேளுங்கள். ஹாக் என்பது தண்டோடு கூடிய ஒரு பச்சைக் கீரை. கடுகெண்ணெயில் மிளகாயும் கொஞ்சம் பெருங்காயமும் போட்டு, தண்ணீராக வேக வைப்பார்கள். நம் கீரைச்சாறு பிடித்தவர்களுக்கு முதல் கவளத்திலேயே பிடித்துவிடும்.

அடுத்தது நத்ரு, அதாவது தாமரைத் தண்டு. தால் ஏரியின் சேற்றிலிருந்து எடுப்பார்கள். தயிரில் சோம்புப்பொடி, சுக்குப்பொடி போட்டுச் செய்யும் நத்ரு யக்னியைத் தவற விடாதீர்கள். வெங்காயம், தக்காளி, மஞ்சள் எதுவும் இல்லாத வெள்ளைக் குழம்பு அது. மாலையில் ஹஸ்ரத்பல் பக்கம் போனால் இதே தண்டை மாவில் தோய்த்துப் பொரித்த நத்ரு மோஞ்சியைத் தள்ளுவண்டிகளில் விற்பார்கள். தம் ஆலு, பனீரில் செய்யும் சாமன், ராஜ்மாவோடு டர்னிப் சேர்த்துச் செய்யும் குழம்பு, நூல்கோலை இலையோடு சமைக்கும் மோஞ்சி ஹாக் என்று வரிசை நீளம்.

இறைச்சி சமைக்காத கடைதான் வேண்டும் என்றால், துர்காநாக் பகுதியில் உள்ள கிருஷ்ணா தாபா பல காலமாக அந்தத் தேவையைப் பூர்த்தி செய்கிறது. வெளியே சாப்பிடும்போது ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: சில இடங்களில் ராஜ்மாவிலும் காய்கறிக் குழம்பிலும் கறிச்சாறு சேர்ப்பதுண்டு. 'கோஷ்த் நஹீன்' என்பதோடு நிறுத்தாமல், கறித்தண்ணீரும் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

தெருவில் மாலை மாலையாகக் காய்ந்த காய்கறி தொங்குகிறதே, அது எதற்கு?

இதுதான் என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம், பயணிகள் அதிகம் கண்டுகொள்ளாததும் கூட. பனிக்காலத்தில் வயலில் ஒன்றும் விளையாது. பள்ளத்தாக்கை வெளியுலகோடு இணைத்த சாலையோ பனிஹால் மலையில் பனி விழுந்தால் நாள்கணக்கில் மூடிக்கொள்ளும். ஆகவே கோடையிலேயே காய்கறியை நறுக்கி, நூலில் கோத்து, வெயிலில் உலர்த்தி வைத்துக்கொண்டார்கள். மொத்தமாக இவற்றுக்கு 'ஹோக் ஸ்யுன்' என்று பெயர். சுரைக்காய் வற்றல் 'அல் ஹச்சி', கத்தரி வற்றல் 'வாங்கன் ஹச்சி', தக்காளி வற்றல் 'ருவாங்கன் ஹச்சி'. மீனையும் விடவில்லை. உலர்த்திய மீன் ஒரு வகை, புல்லின் மேல் போட்டுப் புகையூட்டிய 'ஃபரி' இன்னொரு வகை.

இன்றைக்கு ரயில் இருக்கிறது, சுரங்கப்பாதை இருக்கிறது, ஜனவரியிலும் பச்சைக் காய்கறி வந்திறங்குகிறது. தேவை குறைந்துவிட்டது, ஆசை குறையவில்லை. சில்லை கலானில் வற்றல் குழம்பு வைக்காத வீடு வீடா என்று கேட்பார்கள். வற்றல், வடகம் போட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாங்கன் ஹச்சியைக் கொஞ்சம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரில் ஊறவைத்துப் புளிக்குழம்பில் போட்டால் நன்றாகவே இருக்கும். புகையூட்டிய மீனை விமானத்தில் கொண்டு வரும் எண்ணம் மட்டும் வேண்டாம், பக்கத்து இருக்கைக்காரர் பாவம்.

இந்த மாதங்களில் காஷ்மீரி பண்டிதர் வீடுகளில் தனி வழக்கங்களும் உண்டு. பௌஷ மாத அமாவாசை அன்று யட்சனுக்கென்று கிச்சடி சமைத்து வெளியே வைப்பார்கள். அதே மாதத்தில் ஒரு நாள் வீட்டுத் தெய்வத்துக்கு மீனும் சோறும் படைப்பார்கள். யாராவது வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள்.

காலை டீ உப்புக் கரிக்கிறது. பழக்கமாகுமா?

அது நூன் சாய். பச்சைத் தேயிலையை நெடுநேரம் கொதிக்க வைத்து, சிட்டிகை சோடா சேர்ப்பதால் சிவக்கும். பால் விட்டதும் ரோஜா நிறமாகிவிடும். சர்க்கரைக்குப் பதில் உப்பு. அதை டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும், உப்புப் போட்ட சூடான பால் கஞ்சி என்று நினைத்தால் இரண்டாம் கோப்பை கேட்பீர்கள். தனியாகக் குடிக்காதீர்கள். தெருமுனையில் இருக்கும் காந்தூர், அதாவது ரொட்டி சுடுபவரிடம், காலையில் கிர்தாவும் லவாசாவும் மாலையில் எள் தூவிய சோச்வோரும் கிடைக்கும். வெண்ணெய் தடவி நூன் சாயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

இனிப்புத்தான் வேண்டும் என்பவர்களுக்குக் காவா என்ற தேநீர். குங்குமப்பூ, பட்டை, ஏலம், மேலே பொடித்த பாதாம். குங்குமப்பூ வாங்குவதாக இருந்தால் குளிர்காலம் நல்ல நேரம்: ஊருக்குத் தெற்கே பாம்போர் வயல்களில் அக்டோபர் கடைசி, நவம்பரில்தான் பூப்பறிப்பு. டிசம்பரில் வாங்குவது அந்த வருடச் சரக்கு.

வாஸ்வான் சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஓட்டலில் கிடைப்பது அசல்தானா?

வாஸ்வான் என்பது பல வகைக் கறி உணவுகள் வரிசையாக வரும் காஷ்மீரி விருந்து. அசல் வாஸ்வான் கல்யாணப் பந்தியில்தான். நான்கு பேர் ஒரே பெரிய செம்புத்தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தபக் மாஸ், ரிஸ்தா, ரோகன் ஜோஷ் என்று தொடங்கி, தயிர்க்குழம்பில் மிதக்கும் பெரிய கறி உருண்டையான குஷ்தாபாவோடு முடியும். குஷ்தாபா வந்துவிட்டால் பந்தி முடிந்தது என்று அர்த்தம். ரெசிடென்சி சாலையில் 1918 முதல் இருக்கும் ஆதூஸிலும், முகல் தர்பாரிலும் இந்த உணவுகளைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். நான்கு பேராகப் போய் நாலைந்து வகை வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். தனியாளாக முழுத்தட்டுக் கேட்டால் பாதி வீணாகும்.

மாலையில் கயாம் சௌக் பக்கம் கரியடுப்பில் சுடும் துஜ் எனப்படும் கறிக்கம்பிகளுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

பனி பார்க்க எங்கே போவது?

ஸ்ரீநகர் நகரத்துக்குள்ளேயே ஒரு குளிர்காலத்தில் சில முறை பனி விழும். தேதி சொல்ல முடியாது. மேற்கே மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்கள்தான் இங்கே பனியைக் கொண்டு வருகின்றன. அவை வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நம்பிப் போகக்கூடிய இடம் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், உயரம் 2,650 மீட்டர். பெரும்பனி பெய்திருந்தால் உங்கள் காரை டங்மார்க்கில் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இயங்கும் 4x4 வண்டியோ எடுத்துத்தான் மேலே போக வேண்டும். நீர்புகா பூட்ஸும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும்.

இன்னொரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. சோன்மார்க் முன்பு குளிர்காலம் முழுக்கத் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் ஊர். 2025 ஜனவரி 13 அன்று ஆறரை கிலோமீட்டர் நீளமுள்ள சோன்மார்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு பனிக்காலத்திலும் போக முடிகிறது. குல்மார்க்கை விடக் கூட்டம் குறைவாக இருக்கும்.

குல்மார்க்கின் ரோப் காரான கோண்டோலாவில் இரண்டு கட்டமும் போக வேண்டுமா?

முதல் கட்டம் குல்மார்க்கிலிருந்து கோங்தூரி வரை, இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வத் மலைத்தோள் வரை. மேல் நிலையம் ஏறக்குறைய 3,950 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் நாலடி வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். வானம் தெளிவாக இருந்தால் இரண்டாம் கட்டம் போகாமல் இருக்காதீர்கள், இமயமலையை அப்படிப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமையாது. மேகம் மூடியிருந்தால் முதல் கட்டத்தோடு நில்லுங்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். காற்று பலமாக இருந்தாலோ பனிச்சரிவு அபாயம் இருந்தாலோ மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்கு யாரிடமும் சண்டை போட வேண்டாம்.

பனிச்சறுக்கு ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியுமா?

நின்று, மெதுவாகச் சறுக்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதை ஒரு நாளில் கற்கலாம். அதற்கு மேல் ஆசை இருந்தால் நாள் ஒதுக்குங்கள். குல்மார்க்கில் பனிச்சறுக்குக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1927இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இங்கே ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் உள்ள பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இங்கேதான் இயங்குகிறது. குளிர்காலத்தில் தொடக்கநிலை வகுப்புகள் நடத்துகிறார்கள். தங்குமிடம், கருவி, பயிற்சி மூன்றும் சேர்ந்து வருவதால் இளைஞர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு நாள் மட்டும் முயல்பவர்கள் கீழே உள்ள தட்டைச் சரிவில், உரிமம் பெற்ற பயிற்றுநரோடு, நேரத்தையும் கூலியையும் முன்பே பேசிக்கொண்டு தொடங்குங்கள்.

ஆட்கள் இழுத்துப் போகும் மரச்சறுக்கு வண்டியும் உண்டு. அந்த இளைஞர்களில் பலருக்கு இந்த மூன்று மாத வருமானம்தான் முக்கியம். பேரம் பேசுங்கள், அவர்கள் வயிற்றில் அடிக்கும் அளவுக்கு வேண்டாம்.

சரிவுகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை. அஃபர்வத்தில் கயிறு கட்டி எல்லை குறிக்காத பகுதிகள் உலகெங்கும் இருந்து தேர்ந்த சறுக்கு வீரர்களை ஈர்க்கின்றன. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். அவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்ல. படத்துக்காகக்கூட அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

போகிறோம், பனியே இல்லை என்றால்?

நடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்தது, மாத இறுதியில்தான் பனி பெய்தது. 2025இலும் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு இது ஒரு பயணத்தின் ஏமாற்றம், அந்த ஊருக்கோ அடுத்த கோடையின் தண்ணீர்க் கவலை. சில்லை கலானில் விழும் பனிதான் மலையில் தங்கி, கோடையில் உருகி ஓடையாகும். நெல்லும் ஆப்பிளும் அதை நம்பி இருக்கின்றன. ஆகவே பனி இல்லாத ஜனவரியில் உங்கள் ஓட்டுநர் முகம் வாடியிருந்தால் காரணம் வியாபாரம் மட்டும் இல்லை.

இதனால்தான் மொத்த நாளையும் குல்மார்க்கில் கொட்டாதீர்கள் என்கிறேன்.

ஊருக்குள்ளேயே என்ன செய்யலாம்?

நிறைய. ஹரிஸா முடித்த கையோடு பழைய நகரத்தில் நடங்கள். ஜீலம் கரையில் காகிதக்கூழ் ஓவியங்கள் நிறைந்த மரக்கூரையோடு கான்காஹே மௌலா என்ற சூஃபி தலம் நிற்கிறது. கொஞ்ச தூரத்தில் ஜாமியா மசூதி, முழு தேவதாரு மரங்களால் ஆன 378 தூண்களோடு. இரண்டையும் அமைதியாகச் சுற்றிப் பாருங்கள், வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

மதியம் தால் ஏரியில் ஷிகாரா படகுச் சவாரி. கோடையின் நெரிசல் இருக்காது. கம்பளிக்குள் ஒரு காங்ரியை வைத்துத் தருவார்கள், பிரம்புக் கூடைக்குள் மண்சட்டியும் அதில் தணலுமாக. ஏரி ஓரங்களில் பனிக்கட்டி படர்ந்திருந்தால் அதன்மேல் கால் வைக்காதீர்கள். பார்க்கத் தடிமனாகத் தெரியும், தாங்காது.

பறவை பிடிக்குமானால் நகர எல்லையில் உள்ள ஹோகர்சர் சதுப்புநிலத்துக்குப் போங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2005 முதல் உள்ள இடம். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஊசிவால் வாத்து, கிளுவை, சாம்பல் நிறக் காட்டு வாத்து எல்லாம் பெருங்கூட்டமாக இங்கே குளிர்காலம் கழிக்கின்றன.

அறை சூடாக இருக்குமா?

முன்பதிவு செய்யும்போது இதைத்தான் முதலில் கேளுங்கள். மின்வெட்டு உண்டு, எனவே மின்சாரப் போர்வை மட்டும் போதாது. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், குழாயில் வெந்நீர் எப்போது வரும் என்றும் கேளுங்கள். கடுங்குளிரில் குழாயே உறைந்துவிடும். அடியில் விறகெரித்துக் கல்தரையைச் சூடாக்கும் ஹமாம் அறை உள்ள விருந்தினர் இல்லம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மாலை முழுக்க அந்தத் தரையில் உட்கார்ந்து வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடிய அறையில் காஸ் ஹீட்டரோ கரியடுப்போ எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். காஷ்மீரில் குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக இப்படி இறந்திருக்கிறார்கள். தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். புகைபோக்கி உள்ள புகாரி அடுப்பானாலும் இதே விதிதான். தலைவலி, குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். காங்ரியைப் படுக்கைக்குள் கொண்டு போகவே கூடாது.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகலாமா?

ஸ்ரீநகருக்குத் தாராளமாக. கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. காலை ஒன்பது மணிக்கு முன் பாதையில் உறைந்த நீர் வழுக்கும், பெரியவர்கள் விழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். தாகமே எடுக்காது, ஆனாலும் வெந்நீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

எப்படிப் போவது? போன் வேலை செய்யுமா?

விமானம் விரைவு, ஆனால் பனிமூட்டத்தில் தாமதமும் ரத்தும் சகஜம். திரும்பி வந்த மறுநாளே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனைகள் அதிகம், மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

ரயிலில் போக விரும்புகிறவர்களுக்கு நல்ல செய்தி: 2025 ஜூன் 6 அன்று செனாப் பாலம் திறக்கப்பட்டு கட்ரா – ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. நதிக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் செல்லும் பாலம் அது. சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸும் கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் கட்ரா வரை போகின்றன. நேரம் இருந்தால் இப்படிப் போங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு செய்யும். குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

பாதுகாப்பு எப்படி?

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு அருகே பைசரனில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். பயம் வருவது நியாயம்தான். அதன்பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, படிப்படியாகத் திறக்கப்பட்டன. கிளம்பும் வாரத்தில் அரசின் அறிவிப்பைப் பார்த்து, எந்த இடம் திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையை எப்போதும் வைத்திருங்கள். ராணுவ முகாம்களையும் சோதனைச் சாவடிகளையும் படம் எடுக்காதீர்கள்.

ரம்ஜான் மாதத்தில் போனால் சாப்பாடு கிடைக்குமா?

வரும் சில ஆண்டுகளுக்கு இது முக்கியமான கேள்வி. ரம்ஜான் நோன்பு 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலும், 2027இல் இரண்டாம் வாரத்திலும், 2028இல் ஜனவரி கடைசியிலும் தொடங்குகிறது. பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும். தங்கும் ஓட்டலில் மட்டும் சாப்பாடு கிடைக்கும். சூரியன் மறைந்த பிறகு தெருவே உயிர்பெறும். சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் நோன்பு தொடங்கும் முன்னரே போய் வந்துவிடுங்கள்.

மொத்தம் எத்தனை நாள் வேண்டும்?

ஆறு இரவு. அதில் நான்கை ஸ்ரீநகருக்கும் இரண்டைக் குல்மார்க்குக்கும் கொடுங்கள். முதல் நாள் வந்து இறங்கி, ஹாக்கும் சோறும் சாப்பிட்டுச் சீக்கிரம் படுங்கள். இரண்டாம் நாள் விடிகாலை ஹரிஸா, பழைய நகரம், மாலையில் ஹஸ்ரத்பல். மூன்றாம் நாள் காலை குல்மார்க் கிளம்பி அங்கே இரண்டு இரவு. கோண்டோலாவுக்கு வானம் தெளிந்த நாளைத் தேர்ந்தெடுக்க அந்த இடைவெளி வேண்டும். ஐந்தாம் நாள் திரும்பி வந்து ஏரி, அடுத்த நாள் ஹோகர்சர். அந்த நாள் ஞாயிறாக அமைந்தால் சண்டே மார்க்கெட்டும் சேரும். ஊர் திரும்பும் விமானத்தைப் பிற்பகலில் போடுங்கள், காலைப் பனிமூட்டம் விலகியிருக்கும். அன்றும் விடிகாலை எழுந்தால் இன்னொரு ஹரிஸாவுக்கு நேரம் இருக்கும்.